லாச்சிக்குள் கிடக்கும் சொற்கள்

காலையில் கைத்தொலைபேசியைத் திறந்தால் "தெரிந்து கொள்வோம்" துணுக்குகள் வந்து விழுகின்றன. கணவாய்க்கு மூன்று இதயம் என்று அறிந்து வியந்துவிட்டு அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். ஆனால் எம்மில் பலருடைய வீட்டு அலுமாரியில் ஒரு பழைய காணி உறுதி இருக்கிறது. அதில் உள்ள சொற்களில் பாதி எமக்கே விளங்காது. ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைகளுக்கு முழுவதுமே புதிர். நாளுக்கொரு சொல் படிப்பதென்றால் அந்தக் கடதாசியிலிருந்து தொடங்கலாம் என்பது எமது எண்ணம்.

முதலில் அது கிடக்கும் இடம். அலுமாரி போர்த்துக்கேயர் தந்த சொல். லாச்சி ஒல்லாந்தச் சொல். உறுதி எழுதிய நொத்தாரிசும், அதைப் பதிந்த கந்தோரும் ஒல்லாந்த மொழிவழி வந்தவை. தமிழ்நாட்டில் பத்திரம் என்பதை நாம் உறுதி என்கிறோம். இது நல்ல தமிழ்.

அடுத்தது தோம்பு. யாழ்ப்பாண அரசை 1619இல் கைப்பற்றிய போர்த்துக்கேயர் வரி அறவிடுவதற்காக எழுதிய காணிப் பதிவேடு அது. 1658இல் வந்த ஒல்லாந்தர் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். லிஸ்பனில் உள்ள போர்த்துக்கல் தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயர் இன்றும் தோறே தோ தொம்பு, அதாவது தோம்புக் கோபுரம். உறுதியில் "கோயிற்பற்று" என்று கண்டால் சைவக் கோயிலைத் தேடவேண்டாம். அது போர்த்துக்கேயர் காலத் தேவாலயப் பங்குப் பிரிவு.

இனி அளவு. 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். பரப்புக்கு இன்னொரு பெயர் இலாச்சம். (லாச்சி வேறு, இலாச்சம் வேறு.) ஒரு இலாச்சம் விதை விதைக்கக்கூடிய நிலமே அந்த அளவு. விதை எது என்பதைப் பொறுத்து நிலம் கூடும், குறையும். வரகு என்றால் ஏக்கருக்கு 16, நெல் என்றால் 24. ஆங்கில உறுதிகளில் வரும் வி.சி., பி.சி. என்ற எழுத்துகள் இந்த வரகையும் நெல்லையும்தான் குறிக்கின்றன. இதைக் கவனியாமல் பத்துப் பரப்பு என்று விலை பேசினால் மூன்றில் ஒரு பங்கு பிசகும்.

ஏக்கர் ஆங்கிலேயரோடு வந்தது. 66 அடிச் சங்கிலியால் பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதே சங்கிலியால்தான் ரொறன்ரோவையும் அளந்தார்கள். குயின் வீதிக்கும் புளூர் வீதிக்கும் இடையே சரியாக நூறு சங்கிலி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு பரப்பு வளவு, ஆறு பிள்ளைகள். அதில் ஒருவர் இறந்துவிட்டார், அவருக்கு மூன்று பிள்ளைகள். அந்த மூவரில் ஒருவருக்கு "பிரிவுபடாத பதினெட்டில் ஒரு பங்கு". நாலு பரப்பு 72 குழி, பதினெட்டில் ஒன்று நாலு குழி. ஒரு குழி 151.25 சதுர அடி; ஆகவே 605 சதுர அடி. இங்கே ஓர் ஒற்றை அறைக் கொண்டோ அவ்வளவுதான் வரும். அதற்கும் வழிவாய்க்கால், கிணற்றுப் பங்கு என்று தனியாக எழுதியிருப்பார்கள். முழு வளவையும் விற்க வேண்டுமென்றால் பாரிஸ், லண்டன், மார்க்கம் என்று சிதறிய எல்லோருடைய ஒப்பமும் தேவை. அங்கேதான் "அற்றோணித் தத்துவம்" என்ற சொல் வருகிறது. உங்களுக்காக ஒப்பமிட இன்னொருவருக்கு நீங்கள் கொடுக்கும் அதிகாரம் அது. எதற்கு, எந்தக் காணிக்கு என்று வரையறுக்காமல் அதைக் கொடுத்துவிட்டு வருந்துபவர்களை எமது தொழிலில் கண்டிருக்கிறோம்.

முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்றும் தேசவழமைச் சொற்கள். முதுசொம் பெற்றோர் வழி வந்தது. சீதனம் பெண்ணுக்குக் கொடுத்தது. தேடியதேட்டம் மணமான பின் தேடியது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி இவ்வழக்கங்களைத் தொகுத்தார், பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அதன்படி மனைவி தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ரொறன்ரோவில் வீட்டுக் கடனைத் தானே கட்டும் பெண்ணுக்குத் தன் சீதனக் காணியை விற்க அவரின் ஒப்பம் தேவையென்பது எமக்கு நியாயமாகப் படவில்லை.

கடைசியாக "ஆட்சி". 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளரை ஏற்காமல் ஒருவர் பத்து வருடம் தடையின்றி ஆண்டால் அக்காணிக்கு உரிமை கோரலாம். போரில் ஊரைவிட்டு ஓடியவர் எப்படித் தடுப்பது? 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் அவ்வாறு முடியாமற்போனவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்து, வழக்கிட இரண்டு வருட அவகாசம் கொடுத்தது. இங்குள்ள எத்தனை குடும்பங்களின் காதுக்கு அது எட்டியது? எமக்குத் தெரிந்த வட்டத்தில் மிகச் சிலரே அறிந்திருந்தார்கள். மகிந்த, மைத்திரி என்று மணிக்கணக்கில் அரசியல் பேசிய காலம் அது.

வரிக் காலத்தில் எம்மிடம் கேட்கப்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஊர்க்காணியை விற்ற இலாபத்துக்குக் கனடாவில் வரி உண்டு. ஆனால் நீங்கள் வரும்போதே அது உங்கள் பெயரில் இருந்திருந்தால், கனடாவில் வதிவாளரான நாளில் இருந்த சந்தை விலையே உங்கள் அடக்கவிலை. அப்பா வாங்கிய விலையல்ல. பின்னர் முதுசொமாக வந்ததென்றால் பொதுவாக அவர் இறந்த நாளின் விலை. ஆகவே அந்தத் திகதியை உறுதியின் பிரதியோடு எழுதி வையுங்கள். பக்கத்துக் காணிக்காரர் யார், ஒழுங்கை எந்தப் பக்கம் என்பதையும் அம்மா அப்பா இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எல்லையில் நின்ற பூவரசும் கிளுவை வேலியும் இப்போது இல்லாமற் போயிருக்கலாம்.