ஏழு பேர்ச் காணியின் எண்பது ஆண்டு வரலாறு

ஒரு துண்டு நிலத்தில் தேயிலை நிற்பதா, வீடு நிற்பதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருடையது? மலையக வீடமைப்பைப் பற்றிய செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிய காலத்திலிருந்து என்னைத் தொடரும் கேள்வி இது. கொழும்பிலோ கண்டியிலோ இக்கேள்விக்கு ஒரு விடை உண்டு. அங்கே மாநகர சபை இருக்கிறது, நகர அபிவிருத்தி அதிகார சபை இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. வயலை வீட்டு மனையாக்க வேண்டுமென்றால் விண்ணப்பிக்கலாம், மறுத்தால் முறையிடலாம், உறுப்பினரைப் பிடித்துச் சபையில் சண்டையும் போடலாம். தோட்டப்புறத்து மனிதனுக்கோ சண்டை போடுவதற்கான அந்தச் சபையே நெடுங்காலம் கிடைக்கவில்லை. அவன் வாக்களித்து உறுப்பினர் தெரிவான காலத்திலும், அந்தச் சபையின் பணம் அவன் லயத்து வாசலுக்கு வரக் கூடாது என்று சட்டம் தடுத்தது.

காணிப் பிரச்சினையை மட்டும் பேசுவோர் உள்ளூராட்சியை மறந்துவிடுகிறார்கள். உள்ளூராட்சியைப் பேசுவோர் காணியை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதை வரலாறு காட்டுகிறது.

கிராமத்துக்கு வெளியே

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் அரசாங்க சபைத் தேர்தலில் வாக்களித்தனர். ஆனால் கிராம மட்டத்தில் கதவு மூடியே இருந்தது. 1889ஆம் ஆண்டின் கிராமச் சங்கங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் ஐரோப்பியர், பறங்கியர், இந்தியத் தொழிலாளர் ஆகியோருக்குக் கிராமத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை வழங்கவில்லை. 1937இல் இதைத் திருத்த முற்பட்டபோது முதலிரு பிரிவினருக்கும் உரிமை கொடுத்து, இந்தியத் தொழிலாளரை மட்டும் வெளியே நிறுத்தும் யோசனை முன்வைக்கப்பட்டது. இனத்தைச் சுட்டிப் பாகுபாடு காட்டலாகாது என்று ஆட்சேபம் எழுந்தது. உடனே வாசகம் மாற்றப்பட்டது. எந்த இனத்தவராயினும், தோட்டக் காணியில் குடியிருக்கும் தொழிலாளருக்கு வாக்கு இல்லை என்றாயிற்று.

இந்தச் சொல் மாற்றத்தை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இனத்தின் இடத்தில் இருப்பிடம் வைக்கப்பட்டது. விளைவு ஒன்றேதான். ஆனால் அன்று முதல் 'தோட்டத்தில் குடியிருப்பவர்' என்பது ஒரு சட்ட வகையாகிவிட்டது. தோட்டம் தன் தொழிலாளருக்கு வேண்டியதைத் தானே செய்கிறது, ஆகவே கிராமச் சங்கம் அங்கே தலையிட வேண்டியதில்லை என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். பிற்காலத்திலும் இதே நியாயம் வெவ்வேறு வாய்களிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

காணிச் சட்டமும் அதே காலத்தில் அதே திசையில் சென்றது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரசாங்கக் காணியைப் பெறத் தகுதியான 'இலங்கையர்' யார் என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் தந்தது. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் அதற்குள் அடங்கவில்லை. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களுக்குக் காணி பெறும் தகுதி இல்லை என்பது சட்டமாயிற்று.

1946இல் இது தெருவுக்கு வந்தது. கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்துக்கொண்டு, அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுத்தது. அவர்கள் மறுத்தார்கள். அவ்வாண்டு ஜூனில் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. காணியற்ற கிராமத்தவரின் தேவை உண்மையானது; அதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் ஓர் ஏழைக்கு மனை கொடுக்க இன்னோர் ஏழையின் கூரையைப் பிடுங்கும் முறை அங்கேதான் தொடங்கியது. இரண்டாண்டுகளில் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டில் வாக்குரிமையைப் பறித்த திருத்தமும் வந்தன. 1947இல் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியன் காங்கிரசின் மக்கள், அடுத்த முப்பது ஆண்டுகளுக்குத் தம் வாக்கால் ஒருவரைத் தெரிவு செய்ய முடியாதிருந்தனர்.

நீருக்கு ஒதுங்கிய நகரம்

மலையகத்தில் மாற்று நிலமே கிடையாது என்பார் உண்டு. அவர்கள் ஒருமுறை மஸ்கெலியா பாதையில் நல்லதண்ணிக்குப் போய்வர வேண்டும். வழியில் விரிந்து கிடக்கும் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில்தான் பழைய மஸ்கெலியா நகரம் இருக்கிறது. 1960களின் இறுதியில் மின்சாரத் தேவைக்காக அணை கட்டப்பட்டபோது நகரம் முழுவதும் மேலே நகர்த்தப்பட்டது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இன்றும் தலைகாட்டுகின்றன. நாட்டுக்குத் தேவை என்று அரசு முடிவெடுத்தபோது ஒரு நகரத்துக்கே மாற்றுக் காணி கிடைத்தது என்பதற்கு அந்த நீரே சாட்சி.

நல்லதண்ணி சிவனொளிபாதமலைக்கு ஏறுவோரின் அடிவாரம். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் வரை நாட்டின் நாற்றிசையிலிருந்தும் யாத்திரிகர் வந்து குவிவர். கடைகள், தங்குமிடங்கள், கழிவறைகள், குப்பை அகற்றல் என உள்ளூராட்சிக்கு அங்கே வேலை அதிகம். ஒருபுறம் 1940 முதல் சரணாலயமாகவும், 2010 முதல் உலக மரபுரிமையின் பகுதியாகவும் காக்கப்படும் சிகரக் காடு. மறுபுறம் நீர்த்தேக்கம். நடுவில் தேயிலை, தேயிலைக்கு நடுவில் லயங்கள். காட்டைத் தொடக் கூடாது, நீரேந்து பகுதியைத் தொடக் கூடாது, தேயிலையைத் தொடக் கம்பனி விடாது. மிஞ்சுவது சரிவு. யாத்திரிகர் நடக்கும் பாதைக்குச் செலவிட முடிந்த சபை, அங்கிருந்து கூப்பிடு தூரத்து லயத்தின் வடிகாலுக்குச் செலவிட முடியாத நிலை பல்லாண்டு நீடித்தது.

ஏழாயிரம் ஏக்கர்

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமாரின் காலம் முடிந்தது என்று மகிழ்ந்த தொழிலாளிக்கு விரைவிலேயே வேறொரு பாடம் கிடைத்தது. எடுக்கப்பட்ட காணி பகிரப்பட்டபோது, அதில் பரம்பரையாக உழைத்தவன் பெறுவோர் பட்டியலில் இல்லை. பல தோட்டங்களில் வேலையும் உணவும் அற்றுப்போய்ப் பசியால் மாண்டவர்களின் கதை 1970களின் நடுப்பகுதி மலையக வரலாற்றின் மிகக் கரிய பக்கம்.

1977 மே மாதத்தில் தலவாக்கலைக்கு அண்மையில் உள்ள டெவன் தோட்டத்தில் அது உச்சத்தை எட்டியது. நுவரெலியாப் பகுதியில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டனர். பொலிசார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். அத்திட்டம் அத்துடன் நின்றது என்றே மலையகத் தொழிற்சங்க வரலாறு சொல்கிறது. அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் ஆட்சி மாறியது. நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியின் மூன்று உறுப்பினருள் ஒருவராகச் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார்.

காணியைப் பறிகொடுக்காமல் காக்க ஓர் உயிர் போயிற்று. ஆனால் காக்கப்பட்ட அந்தக் காணியில் தொழிலாளிக்கு ஒரு பேர்ச்சும் சொந்தமாகவில்லை. அது தோட்டத்துக் காணியாகவே இருந்தது.

33ஆம் பிரிவு

1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டில் நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டமும் வந்தது. வாக்கு மீண்டது, தமிழ் உறுப்பினர்களும் தவிசாளர்களும் வந்தார்கள். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதி செல்வதற்குத் தடையாக நின்றது. அரை நூற்றாண்டுக்கு முன் கிராமச் சங்கத்தின் வாசலில் நின்ற அதே காவலாளி, இப்போது பிரதேச சபையின் பணப் பெட்டியருகே நின்றான் என்று சொல்லலாம். தோட்டக் காணிக்கு ஏக்கர் வரி அறவிடச் சபைக்கு அதிகாரம் உண்டு. அக்காணியில் வாழ்வோருக்குப் பாதை போட அதிகாரம் இல்லை.

1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளிடம் கைமாறின. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, அக்குத்தகைகள் 2045 வரை நீடிக்கின்றன. ஒரு வீடு கட்ட வேண்டுமானால் கம்பனி காணியை விடுவிக்க வேண்டும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமில்லை என்று சான்று தர வேண்டும், நில அளவையாளர் அளக்க வேண்டும், பிறகு அரசு உறுதி எழுத வேண்டும். எங்கேனும் ஒரு கை நின்றால் எல்லாம் நிற்கும். கடன் பெற்று வீடு கட்டி, கடனைச் சம்பளத்தில் கழித்து முடித்த பலருக்கும் உறுதி கிடைக்கவில்லை. வீடு அவர்களுடையது, அடிநிலம் அவர்களுடையதல்ல என்ற விசித்திர நிலை உருவானது.

இடையில் மாடி வீடா, தனி வீடா என்ற விவாதமும் நடந்தது. நிலம் குறைவு, ஆகவே அடுக்குமாடி என்றது ஒரு தரப்பு. அது லயத்தை நிமிர்த்தி வைப்பதே என்றது மறுதரப்பு. தனி வீடு கேட்டவர்களின் பக்கமே நியாயம் இருந்ததாக நான் கருதுகிறேன். முற்றமும் கறிவேப்பிலை மரமும் மாட்டுக் கொட்டிலும் வைக்க இடமில்லாத வீட்டில், தோட்ட வேலையை விட்டுப் பிழைக்க வழியில்லை.

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறிடம் இல்லாதவனுக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? அதன் பின்னரே ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது 2015 முதல் அரசின் கொள்கையாகச் செயலுக்கு வந்தது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே 12 அன்று நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். காணியின் அளவு பின்னர் பத்துப் பேர்ச்சாக உயர்ந்தது.

2018இல் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. அவ்வாறு பிறந்தவற்றுள் மஸ்கெலியா, நோர்வூட் சபைகளும் அடங்கும். அதே ஆண்டில் 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. 1937இல் மூடிய கதவு 81 ஆண்டுகளின் பின் திறந்தது. ஆனால் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 அன்று தேர்தல் நடக்கும் வரை இரண்டாண்டுகளுக்கு மேல் தெரிவு செய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. கதவு திறந்தது, உள்ளே ஆள் இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

வீட்டுக்குக் காணி கொடுத்தால் தேயிலை அழிந்துவிடும் என்ற அச்சத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஓர் இலட்சம் குடும்பங்களுக்குத் தலா பத்துப் பேர்ச் என்றால் பத்து இலட்சம் பேர்ச். அதாவது 6,250 ஏக்கர். நாட்டின் தேயிலைப் பரப்பு ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஹெக்டேயர், சுமார் ஐந்து இலட்சம் ஏக்கர். கேட்கப்படுவது நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு. பாதைக்கும் பாடசாலைக்கும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் நூற்றுக்கு மூன்றைத் தொடாது. 1977இல் வெளியாருக்குக் கொடுக்க முனைந்த 7,000 ஏக்கரை விட, ஓர் இலட்சம் குடும்பங்களுக்கான மனை குறைவு. அன்று தேயிலை அழியும் என்று எவரும் அஞ்சியதாகத் தெரியவில்லை.

உண்மையான தடை வேறு. லயத்து அறை வேலையோடு கட்டப்பட்டது. வீட்டில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் கூரை நிலைக்கும் என்ற அச்சம் தலைமுறைகளைக் கொழுந்துக் கூடையோடு பிணைத்து வைத்தது. காணி உறுதி அந்த முடிச்சை அவிழ்த்துவிடும். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போகாமல் வீட்டு விலாசத்துக்கு வரும். வங்கியில் பிணை வைக்க ஒரு சொத்து இருக்கும். பாதை பழுதானால் துரையிடம் கெஞ்சாமல் சபையிடம் கேட்கலாம். கம்பனிகள் தயங்குவதற்கும், அரசுகள் அடிக்கல் நாட்டுவதில் காட்டும் ஊக்கத்தை உறுதி எழுதுவதில் காட்டாததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

2023இல் மலையக மக்களின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களின் கோரிக்கைகளில் காணி முன்னின்றது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, மலைச் சரிவுகள் மீண்டும் இடிந்தன; பாதுகாப்பான இடம் எங்கே என்ற மீரியபெத்தக் கேள்வி மறுபடியும் எழுந்தது.

கம்பனிகளின் குத்தகை முடிய இன்னும் இருபது ஆண்டுகள்கூட இல்லை. அன்று அக்காணிகளின் எதிர்காலம் மறுபடி பேசப்படும். புதிய குத்தகைகள் எழுதப்படும். அதற்குள் குடியிருப்புகள் தோட்டத்தின் எல்லையிலிருந்து பிரிக்கப்பட்டுக் கிராமங்களாகப் பதியப்படாவிட்டால், அடுத்த குத்தகையிலும் மனிதர்கள் தேயிலைச் செடிகளோடும் தொழிற்சாலைக் கட்டடங்களோடும் சேர்ந்தே கைமாறுவார்கள். மலையகத்துப் பிரதேச சபைகளில் அமர்ந்திருப்போர் விளக்குக் கம்பத்துக்கும் வாசிகசாலைக்கும் நிதி கேட்பதோடு நில்லாமல், தத்தம் பிரதேசத்தில் எந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பத்துக்கு எங்கே பாதுகாப்பான காணி உண்டு என்ற பட்டியலை இப்போதே தயாரிக்க வேண்டும். 81 ஆண்டுகள் காத்துப் பெற்ற அதிகாரத்துக்கு இதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை.