பரவலாக்கப்பட்ட தரவு உரிமை

பரவலாக்கப்பட்ட தரவு உரிமை என்பது, ஒரு நிறுவனத்தின் தரவுகளை ஒரே நடுவண் குழுவிடம் ஒப்படைக்காமல், அவை உருவாகும் துறைகளிடமே அவற்றின் பொறுப்பை விட்டுவைக்கும் முறை ஆகும். இங்கு உரிமை என்பது சட்டப்படியான உடைமையைக் குறிப்பதன்று. தரவின் தரம், விளக்கம், பாதுகாப்பு, பகிர்வு ஆகியவற்றுக்குப் பதில் சொல்லும் பொறுப்பையே குறிக்கும். இம்முறையின் பரவலாக அறியப்பட்ட வடிவம் டேட்டா மெஷ் எனப்படுகிறது.

பின்னணி

பில் இன்மன் 1992இல் எழுதிய நூலின் வழியாகத் தரவுக் கிடங்கு என்னும் கருத்து பரவியது. 2010இல் ஜேம்ஸ் டிக்சன் தரவு ஏரி என்னும் சொல்லை அறிமுகப்படுத்தினார். இரண்டிலும் பல துறைகளின் தரவுகள் ஓரிடத்தில் சேர்க்கப்படுகின்றன. பெரும்பாலும் ஒரு நடுவண் குழுவே அவற்றைப் பராமரிக்கிறது.

நிறுவனம் வளரும்போது இக்குழு ஒரு குறுகிய வாயிலாகிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, விற்பனைத் துறையின் நிரலாளர் தரவுத்தள அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால், அதைச் சார்ந்த அறிக்கைகள் பிழையாகும். பிழையைச் சரிசெய்ய வேண்டிய நடுவண் குழுவுக்கோ, அம்மாற்றம் ஏன் செய்யப்பட்டது என்பது தெரியாது.

இச்சிக்கலுக்குத் தீர்வாக, தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜமாக் தெஹ்கானி 2019இல் டேட்டா மெஷ் முறையை முன்வைத்தார். 2022இல் இதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

கொள்கைகள்

* தரவின் பொறுப்பு அந்தந்தத் துறையைச் சேர்ந்தது.
* தரவு ஒரு விளைபொருளாகக் கருதப்பட வேண்டும். அதைப் பயன்படுத்துவோரே அதன் வாடிக்கையாளர்.
* துறைகள் தாமே இயக்கிக்கொள்ளத்தக்க பொதுத் தளம் ஒன்று இருக்க வேண்டும்.
* பொது விதிகளைத் துறைகளின் சார்பாளர்கள் கூடி வகுக்க வேண்டும்; அவ்விதிகள் தளத்தின் மென்பொருளிலேயே இடம்பெற்றுத் தானாகச் செயற்பட வேண்டும்.

ஐயங்களும் அவற்றின் மதிப்பீடும்

தனித்தீவுகள்: துறைகள் தத்தம் தரவைத் தாமே வைத்துக்கொண்டால், தரவுக் கிடங்கு ஒழிக்க முயன்ற தனித்தீவுகள் மீண்டும் தோன்றும் என்பது முதன்மையான ஐயம். முதற் கொள்கையை மட்டும் ஏற்று, பொதுத் தளத்தையும் பொது விதிகளையும் தள்ளிவைக்கும் நிறுவனங்களுக்கு இது முற்றிலும் பொருந்தும்.

ஆள்வளம்: ஒவ்வொரு துறைக்கும் தரவுப் பொறியியல் அறிந்தவர்கள் தேவைப்படுவர். ஒரே வேலை பல இடங்களில் செய்யப்படுவதால் செலவும் கூடும். பொதுத் தளம் இச்சுமையைக் குறைக்கும்; ஆனால் அத்தளத்தை உருவாக்குவதற்கும் செலவு உண்டு. சிறு நிறுவனங்களில் இச்செலவை ஈடுகட்டும் அளவுக்குப் பயன் கிடைப்பது அரிது.

பொதுக் கருத்துருக்கள்: வாடிக்கையாளர் என்பவர் விற்பனைக்கும், கணக்குக்கும், சேவைத் துறைக்கும் பொதுவானவர். பொருள் வாங்கியவரை ஒரு துறையும், பணம் செலுத்தியவரை மற்றொரு துறையும் வாடிக்கையாளர் எனக் கொண்டால், மொத்த எண்ணிக்கையே மாறுபடும். பொது அடையாள எண்ணையும் வரையறையையும் முன்கூட்டியே முடிவு செய்யாவிடில் இதற்குத் தீர்வில்லை.

தனியுரிமை: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, குறிப்பிட்ட சூழல்களில் தம் தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தனிநபருக்கு அளிக்கிறது. பொதுவாக ஒரு மாதத்திற்குள் நிறுவனம் பதிலளிக்க வேண்டும். படிகள் பல துறைகளில் இருக்கும்போது, ஒன்று விடுபட்டாலும் பாதிக்கப்படுபவர் அத்தனிநபரே. சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியது துறை அன்று, நிறுவனம். எனவே எந்தத் தரவு எங்குள்ளது என்னும் பதிவேட்டைப் பரவலாக்க இயலாது.

புதுமை: பழைய கருத்துக்கே இது புதுப்பெயர் என்பாரும் உளர். ரால்ஃப் கிம்பால் 1996இலேயே, பொதுவான பரிமாணங்களால் இணைக்கப்பட்ட துறைசார் தரவுத் தொகுப்புகளைப் பற்றி எழுதினார். எனினும் அவர் கவனம் தரவின் வடிவமைப்பில் இருந்தது. டேட்டா மெஷ் நிறுவன அமைப்பையே மாற்றக் கோருகிறது. பெரும்பாலான தடைகளும் அங்கேதான் எழுகின்றன.

பொருத்தம்

2022இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம், டேட்டா மெஷ் முதிர்ச்சி நிலையை எட்டுமுன்பே வழக்கொழியும் எனக் கணித்தது. இது எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தாது என்பதைத் தெஹ்கானியின் நூலும் ஏற்கிறது. தரவு மூலங்களும் பயன்பாடுகளும் பெருகி, நடுவண் குழுவால் ஈடுகொடுக்க இயலாத நிறுவனங்களுக்கே இது ஏற்றது. தாமதத்திற்குக் காரணம் ஆட்பற்றாக்குறை மட்டுமே எனில், நடுவண் குழுவை விரிவாக்குவது எளிய வழி. தரவின் பொருள் புரியாமையே காரணம் எனில், பொறுப்பைத் துறைகளுக்கு மாற்றுவது பயன்தரும்.

இவற்றையும் பார்க்க

* தரவுக் கிடங்கு
* தரவு ஏரி
* தரவுத்தளம்