ஆரணி வயலில் ஒரு பரீட்சை

ஒரு நிமிஷம், நீங்கள் படைத்தளபதி! எதிரியிடம் உங்கள் ஆட்களில் பாதிகூட இல்லை. நடுவே சேறும் சகதியுமான நெல்வயல். குறுக்கே மேடாகப் போட்ட குறுகலான பாதை ஒன்று. பீரங்கிகளை அதில்தான் கொண்டுபோக வேண்டும். போவீர்களா, மாட்டீர்களா? சட்டென்று சொல்லுங்கள்!

‘போகலாம்’ என்றது சந்தா சாகிப்பின் மகன் ரஸா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்த படை. 1751 டிசம்பர் 3. இடம், பட்டுச்சேலைக்குப் பேர்போன நம்ம ஆரணி. மேட்டில் காத்திருந்த ராபர்ட் கிளைவ், பக்கவாட்டிலிருந்து பீரங்கியால் சுட்டார். சிப்பாய்கள் பாதையை விட்டு வயலுக்குள் குதிக்க, பீரங்கிகள் தனியே நின்றன! பனந்தோப்புப் பக்கம் கிளைவோடு சேர்ந்த மராட்டியக் குதிரைப்படை மோதிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் கதை முடிந்தது.

கிளைவுக்கு அப்போது 26 வயசு. 1744-ல் சென்னைக்குக் குமாஸ்தாவாக வந்தவர். ராணுவப் பள்ளி வாசலை மிதித்ததில்லை. சண்டையைச் சண்டையிலேயே கற்றுக்கொண்டார். ஆனால் அப்படிக் கற்க, தப்பு செய்தவர் உயிரோடு இருக்க வேண்டுமே!

இதற்கு வழி கண்டவர், ஜெர்மானியப் பிரஷ்யா நாட்டின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ். 1824-ல் அவர் வெளியிட்ட ‘போர் விளையாட்டில்’ நிஜமான நில வரைபடம், சிவப்பு-நீலக் கட்டைகள், தாயக்கட்டை, ஒரு நடுவர். ஒரு நகர்த்தலுக்கு இரண்டு நிமிஷப் போர்! சதுரங்கத்தில் எதிரியின் காய்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இங்கே எதிரி எங்கே என்பது நடுவருக்குத்தான் தெரியும். நீங்கள் அரைகுறைத் தகவலோடுதான் உத்தரவு எழுதித் தர வேண்டும். அதுதான் இதில் சூட்சுமமே! பிரஷ்யா 1866-லும் 1870-லும் அடுத்தடுத்துப் போர்களில் ஜெயித்ததும், மற்ற நாடுகளும் இந்த விளையாட்டைக் காப்பியடித்தன.

குன்னூர் பக்கத்து வெலிங்டனில், 1947-ல் குவெட்டாவிலிருந்து வந்த ராணுவ அதிகாரிகள் கல்லூரி இருக்கிறதல்லவா... அங்கேயும் இப்படிப்பட்ட பயிற்சிகள் உண்டு. தப்பு செய்தால் கட்டையைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி ஆடலாம். மரணபயத்தை மட்டும் மேஜைமேல் வைக்க முடியாது!

ஆரணியே இன்னொரு கேள்வித்தாளும் வைத்திருக்கிறது. 1782 ஜூன் 2. ஹைதர் அலியின் சரக்கும் கஜானாவும் இருந்த ஆரணிக் கோட்டையைப் பிடிக்க வந்தார் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட். ஹைதர் பின்னாலிருந்து பீரங்கியால் சுட்டார். கூட் திரும்பி அவரை விரட்டினார். களம் கூட்டுக்கு! ஆனால் அந்தச் சந்தடியில் கஜானா வெளியே போய்விட்டது. கோட்டையும் விழவில்லை.

நீங்கள்தான் நடுவர். யாருக்கு மார்க் போடுவீர்கள்?