வேலி போடாத ஊர்

சென்ற இதழில் இங்கிலாந்தின் வேலியடைப்புச் சட்டங்களைப் பார்த்தோம். 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஊர்ப் பொதுவில் கிடந்த நிலமெல்லாம் துண்டாடப்பட்டு, வேலி போட்டுத் தனித்தனிப் பண்ணைகளாயிற்று. இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படிக் கைமாறியது. அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாமல் நின்ற ஓர் ஊர் உண்டு. நாட்டிங்காம்ஷயரில், ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே இருக்கும் லாக்ஸ்டன்.

சிற்றூர்தான். ஒரு நீண்ட தெரு, ஒரு தேவாலயம், ஒரு மதுவிடுதி, வழிதவறி வந்த மாடுகளை அடைத்து வைக்க அந்தக் காலத்தில் கட்டிய பட்டி. ஊரின் வடக்கே நார்மானியர் எழுப்பிய கோட்டையின் மண்மேடு நிற்கிறது. ஷெர்வுட் காட்டின் காவல் அதிகாரம் பரம்பரையாக இங்கிருந்த எவரிங்ஹாம் குடும்பத்தின் கையில் இருந்த காலமும் உண்டு. அந்தக் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் மரச்சிலை தேவாலயத்தில் படுத்திருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டு வேலை. கல்லில் செதுக்கிய சிலைகள் நாடெங்கும் உண்டு. மரத்தில் செதுக்கி இத்தனை காலம் தாங்கி நிற்பவை மிகச் சில.

ஆனால் லாக்ஸ்டனின் பெருமை கோட்டையிலும் சிலையிலும் இல்லை. வயலில் இருக்கிறது.

தெருவின் வீடுகளைக் கவனித்தாலே சங்கதி புரியும். பண்ணை வீடுகள் ஊருக்கு வெளியே நிலத்தின் நடுவில் இல்லாமல், தெருவோரமாக நெருக்கி நிற்கின்றன. காரணம், எந்தக் குடியானவனுக்கும் நிலம் ஒரே இடத்தில் இல்லை. மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்று மூன்று பெரிய வயல்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவருக்கும் நீள நீளமான துண்டுகள். நல்ல மண்ணும் களிமண்ணும், மேடும் பள்ளமும் எல்லோருக்கும் கலந்து வரவேண்டும் என்பதே இந்தப் பகிர்வின் நோக்கம். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு முறை மாறும். அந்தக் காலத்தில் தரிசில் ஊர் மந்தை மேய்ந்தது, மண்ணுக்கு எரு கிடைத்தது. தன் துண்டில் தனக்குப் பிடித்ததை விதைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. வயல் முழுதும் ஒரே முறைக்குக் கட்டுப்பட்டது.

1635-ல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் இந்த ஊரை அங்குலம் அங்குலமாக வரைந்தார். துண்டுகள் ஒவ்வொன்றும் அதில் இருக்கின்றன. உழுகிறவர்களும் அறுக்கிறவர்களும் விரல்நுனி அளவுக்கு நிற்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் அந்த வரைபடம் பத்திரமாக இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஊரில் வழி கண்டுபிடிக்கலாம்.

சரி, லாக்ஸ்டன் மட்டும் எப்படித் தப்பியது? ஊரார் போராடி வென்ற கதை என்று எழுதத்தான் ஆசை. உண்மை வேறு. நிலம் மான்வர்ஸ் பிரபு, ஸ்காப்ரோ பிரபு என்ற இரு குடும்பங்களுக்கிடையே கலந்து கிடந்தது. பங்கு பிரிப்பதில் அவர்களுக்குள் உடன்பாடு வரவில்லை. முழுமையான வேலியடைப்பு தள்ளிக்கொண்டே போய், கடைசியில் நடக்காமலே போயிற்று. 1938-ல் ஆர்வின் தம்பதி இந்த வயல்களைப் பற்றி எழுதிய நூல் ஆராய்ச்சியாளர்களின் கண்ணை இங்கே திருப்பியது. 1952-ல் மான்வர்ஸ் பிரபு ஊரை விற்க முன்வந்தபோது, வயல்முறை அழியக்கூடாது என்று வேளாண் அமைச்சகமே வாங்கிக்கொண்டது. 1981-ல் அது அரச சொத்து நிர்வாகத்துக்கு மாறியது. 2020-ல் மான்வர்ஸ் வழியினரின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பியது.

தப்பியது பிரபுக்களின் பிணக்கால். நிலைத்தது ஊர் மன்றத்தால். கோர்ட் லீட் எனப்படும் அந்த மன்றத்தின் வேலை நவம்பர் இறுதியில் தொடங்குகிறது. கோதுமை விதைத்த வயலுக்குப் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி இறங்குகிறது. எல்லோரும் விவசாயிகள், கையில் மரமுளைகளும் சுத்தியலும். துண்டுகளின் முனையில் பாதையோ, உழக்கூடாத புல்வெளியோ வரும். எவராவது ஒரு சால் அதிகம் ஓட்டிப் பொது இடத்தைத் தொட்டிருந்தால், சரியான எல்லையில் முளையை அடித்து, ஆளின் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் டவ்காட் இன் என்ற அந்த மதுவிடுதியில் மன்றம் கூடுகிறது. பிரபுவின் காரியஸ்தர் தலைமை வகிக்கிறார். குற்றம் படிக்கப்படுகிறது, அபராதம் விதிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு ஜூரியும் அங்கேயே பிரமாணம் எடுக்கிறது.

இதை வேடிக்கைச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 1977-ல் இங்கிலாந்தின் பழைய மன்றங்களின் நீதி அதிகாரத்தைச் சட்டம் பறித்தபோது, லாக்ஸ்டன் மன்றத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். இல்லாவிட்டால் இந்த வயல்கள் நிற்காது என்று அரசுக்கே தெரிந்திருந்தது. பொது நிலம் பாழாகிவிடும், தனியார் கைக்குப் போனால்தான் தழைக்கும் என்று அந்தக் காலத்து வேலியடைப்புக்காரர்கள் வாதாடினார்கள். அதற்கு எதிரான சாட்சி இங்கே சுமார் 480 ஏக்கரில் விளைந்து நிற்கிறது. பயன்படுத்துகிறவர்களே காவல் நின்று, தவறியவனைத் தண்டிக்கும் உரிமையும் அவர்களிடமே இருந்தால் பொது நிலம் பாழாவதில்லை. உழப்படாத அந்தப் புல்வெளிகளில் வேறெங்கும் அருகிவிட்ட காட்டுப்பூக்கள் பூக்கின்றன. அவற்றுக்கென்றே சட்டப் பாதுகாப்பும் உண்டு.

இங்கிலாந்து போகும் வாசகர்கள் லண்டனோடு திரும்பிவிட வேண்டாம். நாட்டிங்காம் பக்கம் போனால் ஒரு பகலை லாக்ஸ்டனுக்கு ஒதுக்குங்கள். மதுவிடுதியை ஒட்டியே ஒரு சிறிய விளக்கக் கூடம் இருக்கிறது. வயல்களின் ஊடே நடைபாதைகளும் உண்டு. நவம்பர் கடைசியில் போக வாய்த்தால், ஜூரி வயலில் இறங்குவதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

(தொடரும்)