விலா எலும்பில் பிறந்த சிறகு

1735ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழு தலைகள் கொண்ட விநோத விலங்கு ஒன்றைப் பாடம் செய்து வைத்திருந்தார்கள். பெரும் விலைக்கு விற்கக் காத்திருந்த பொருள் அது. அந்த ஊருக்கு வந்த ஸ்வீடன் நாட்டு இளைஞர் கார்ல் லின்னேயஸ் உற்றுப் பார்த்தார். தாடையும் பாதமும் மரநாயுடையவை, உடலில் ஒட்டியிருப்பது பாம்புத் தோல் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதனாலேயே அவசரமாக ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு அவர் வெளியிட்ட, இயற்கையை வகைப்படுத்தும் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலில் டிராகனுக்குக் கிடைத்த இடம் கற்பனை விலங்குகளின் பட்டியல்தான். அது சிறகுள்ள ஓணானாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திருக்கை மீனை வெட்டி உலர்த்திச் செய்த பொம்மை என்று எழுதினார். அவர் சொன்ன சிறகுள்ள ஓணான் மெய்யாகவே இருந்தது. 1758இல் வந்த பத்தாம் பதிப்பில் அதற்கு ‘டிராக்கோ வோலான்ஸ்’ என்று பெயர் வைத்தார். பறக்கும் டிராகன் என்று பொருள். போலிகளைத் தோலுரித்தவர் கையாலேயே அந்தப் பெயர் உண்மையான ஓர் உயிருக்குப் போய்ச் சேர்ந்தது!

தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இதன் இனங்கள் பல உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது டிராக்கோ டுசுமியெரி. நம் வேலியோர ஓணானின் குடும்பம்தான்.

பறவைக்குக் கையே சிறகானது. வௌவாலுக்கு விரல்கள் நீண்டு சிறகாயின. பறக்கும் ஓணானுக்கோ விலா எலும்புகள். அவற்றில் ஐந்து முதல் ஏழு ஜோடி வரை உடலைத் தாண்டி வெளியே நீண்டு, குடைக்கம்பிபோல் தோலைத் தாங்குகின்றன. மரப்பட்டையோடு ஒட்டியிருக்கும்போது குடை மடங்கிக் கிடக்கும். எறும்பைத் தேடியோ எதிரிக்குத் தப்பியோ அடுத்த மரத்துக்குப் போக வேண்டுமா? தலைகீழாகப் பாயும், குடை விரியும், வீழ்ச்சி சறுக்கலாக மாறும். மரத்தை நெருங்கியதும் உடலை நிமிர்த்தி வேகத்தைக் குறைத்து அடிமரத்தில் ஒட்டிக்கொள்ளும். சிறகடிப்பதே இல்லை, இழக்கும் உயரத்தைத்தான் தூரமாக மாற்றிக்கொள்கிறது.

இந்தச் சிறகு ஒரே நாளில் முளைத்திருக்க முடியாது. விலா சற்றே நீண்டு, தோல் சற்றே அகன்ற ஓணான் ஓரடி கூடுதலாகத் தாவியிருக்கும். தரையில் இறங்காமல் பிழைத்திருக்கும். அந்த ஓரடிகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தன என்பதே பரிணாமம் தரும் விளக்கம். இது முதல் முயற்சியும் அல்ல. 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, டிரையாசிக் காலத்தில், கூனியோசாரஸ் என்ற ஊர்வனவுக்கும் விலா எலும்புகள் இப்படி நீண்டிருந்தன. அது இதன் மூதாதை அல்ல. தனித்தனியே, குறைந்தது இரண்டு முறை, இயற்கை ஒரே வழியைக் கண்டிருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது முன்னங்கைகளின் வேலை. அவை பறக்கும்போது சும்மா இருப்பதாகவே கருதப்பட்டது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, நம் தென்னிந்திய இனத்தைப் பார்த்து, அது கைகளைப் பின்னுக்கு வளைத்துச் சிறகின் முன்விளிம்பைப் பற்றிக்கொள்கிறது என்று காட்டியது. சிறகைக் கையால் பிடித்துக்கொண்டு காற்றில் போகிறது!

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பாக்குத் தோப்புகளிலும் இது உண்டு. அந்தப் பக்கம் போனால் மரப்பட்டையைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.