சுட்டி யார் கையில்?

கெங்குவார்பட்டியில் இருந்துகொண்டு சென்னையில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், ஊர்ப் பெரியவர்கள் உடனே கேட்பது, “அப்ப கம்ப்யூட்டர் எங்கப்பா இருக்கு?” என்பதுதான். சரியான கேள்வி. என் மடிக்கணினி வெறும் சன்னல். நிரல்கள் ஓடும் இயந்திரம் கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் தள்ளி ஓர் அலுவலக மேசைக்கு அடியில் கிடக்கிறது. அதன் திரை இங்கே தெரிகிறது. நான் நகர்த்தும் சுட்டி அங்கே நகர்கிறது. இந்த ஏற்பாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, கம்பியின் கதையைவிட அனுமதியின் கதையே அதில் பெரிதாக இருந்தது.

கணினி மேசைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இது தொடங்கிவிட்டது. 1940 செப்டம்பர் 11 அன்று, அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கணிதவியலாளர்கள் கூடியிருந்தார்கள். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் அங்கே ஒரு டெலிடைப் கருவியை வைத்து, கலப்பெண் கணக்குகளைத் தட்டச்சு செய்ய வைத்தார். கணக்குப் போட்ட ரிலே இயந்திரம் இருந்தது நியூயார்க்கில். விடை கம்பி வழியே திரும்பி வந்தது. பின்னாளில் எனியாக் கணினியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் மாக்லி அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

அடுத்த மைல்கல் 1969 அக்டோபர் 29. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்திலிருந்து சார்லி க்ளைன் என்ற மாணவர், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்குள் நுழைய ‘லாகின்’ என்று ஆங்கிலத்தில் தட்டினார். முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் நுழைய முடிந்தது. இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட்டில் போன முதல் செய்தியே, அடுத்தவர் இயந்திரத்துக்குள் நுழைவதற்கான முயற்சி!

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு அக்டோபர் 29 வேறொரு காரணத்துக்காகவும் முக்கியமானது. 1886இல் அதே தேதியில்தான் பெரியாறு குத்தகைப் பத்திரம் கையெழுத்தானது. திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையில், 999 ஆண்டுகளுக்கு. என் ஊருக்கு மஞ்சளாறுதான். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கு பெரியாற்றுத் தண்ணீரில்தான் விளைகிறது. அணை நிற்பது கேரள மண்ணில். அதை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு. பென்னிகுயிக் 1895இல் அணையை முடித்துவிட்டார். யார், எவ்வளவு தேக்கலாம் என்ற வழக்கு 2014 வரை உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. தொலைவில் இருப்பதை இயக்க வழி கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதை யார் இயக்கலாம், எதுவரை என்று முடிவு செய்வது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் இழுக்கும்.

கணினியிலும் அப்படித்தான். ஆரம்பக் கால டெல்நெட் முறையில் கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாகக் கம்பியில் போகும்; நடுவில் ஒட்டுக்கேட்பவருக்குக் கொண்டாட்டம். ஹெல்சிங்கியில் தன் பல்கலைக்கழக வலையமைப்பில் அப்படி ஒரு திருட்டு நடந்த பிறகு, 1995இல் டாட்டு யுலோனென் எஸ்.எஸ்.எச். முறையை எழுதினார். பேச்சு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டது.

திரையையே அனுப்பும் வித்தையைப் பரவலாக்கியது கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வகம். அங்கே உருவான வி.என்.சி. 1998இல் இலவசமாக வெளியானது. அதன் தத்துவம் எளிமையானது: திரையில் மாறிய செவ்வகங்களை மட்டும் படமாக இந்தப் பக்கம் அனுப்பு, விசையழுத்தத்தையும் சுட்டி அசைவையும் அந்தப் பக்கம் அனுப்பு. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியிலேயே இப்படி ஒரு வசதி வந்துவிட்டது.

ஒரு தடை மிச்சமிருந்தது. வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் வெளியுலகம் அறிந்த முகவரி கிடையாது. அது ரௌட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதனால் இப்போதைய செயலிகள் நடுவில் ஒரு சேவையகத்தை வைத்தன. இரண்டு பக்கமும் அதை அழைக்கும். ஓர் எண்ணைச் சொன்னால் அது இருவரையும் கோத்துவிடும்.

இந்தியாவில் தொழில்நுட்பம் தயாரான பிறகும் சட்டம் தயங்கியது. பி.பி.ஓ. போன்ற நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவதற்கு 1 கோடி ரூபாய் பிணை கேட்டது தொலைத்தொடர்புத் துறை. 2020 மார்ச்சில், கொரோனா வந்ததும், அது தற்காலிகமாகத் தளர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் விதிகளே மாறின. ஒரு கிருமி வந்து கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

அதற்கு முன்பே, 2019 பிப்ரவரியில், ரிசர்வ் வங்கி வேறொரு எச்சரிக்கை விட்டிருந்தது. மோசடிக்காரர்கள் ‘எனிடெஸ்க்’ செயலியை இறக்கச் சொல்லி, அதில் தெரியும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்கிறார்கள். சொல்லி, அனுமதியும் கொடுத்துவிட்டால் கைப்பேசி அவர்கள் வசம், யு.பி.ஐ. வழியே பணமும் அவர்கள் வசம். செயலி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. எஸ்.எஸ்.எச். போட்ட பூட்டுகள் எதுவும் இங்கே உடைக்கப்படவில்லை, வீட்டுக்காரரே திறந்துவிட்டார்.

ஊரில் இப்போது கைப்பேசி இல்லாத வீடு அரிது. சித்தப்பா, பெரியம்மா என்று யாராவது “நீயே உள்ள வந்து சரிபண்ணிடேன்” என்று கூப்பிடுகிறார்கள். செய்து கொடுக்கிறேன். ஆனால் எப்போது வேண்டுமானாலும் நுழையும் நிரந்தரக் கடவுச்சொல்லை மட்டும் வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அந்தத் திரை அவர்களிடம் கேட்கட்டும். அவர்கள் யாரென்று பார்த்து அழுத்தட்டும். வேலை முடிந்ததும், “பெரியம்மா, இப்ப நான் வெளிய போயிட்டேன், பாருங்க” என்று சொல்லி, அவர்களே இணைப்பை மூடிப் பார்க்கச் சொல்கிறேன். எப்படி மூடுவது என்று தெரிந்தவரிடம்தான் திறக்கச் சொல்லலாம்.