கோடை வகுப்பில் வளர்ந்த ஒரு துறை

கோடை விடுமுறையில் பல்கலைக்கழகங்கள் உறங்கும் என்பது பொதுவான எண்ணம். ஆயின், ஒரு துறையின் வரலாற்றை நோக்குமிடத்து, அதன் வேர்களிற் சில கோடை வகுப்புகளிலேயே ஊன்றப்பட்டமை புலனாகும். எவ்வளவு சரக்கு வாங்குவது, எவ்வளவு உற்பத்தி செய்வது என்பவற்றைத் தொழிற்சாலையிலும் கிடங்கிலும் பொறுப்பிலிருக்கும் மனிதர் உண்மையில் எவ்வாறு முடிவு செய்கின்றனர் என ஆராய்வது அத்துறை. நடத்தைசார் செயல்பாட்டு மேலாண்மை என்று அதனை வழங்குவர். பெயர்தான் நீளம், பொருள் எளிது.

1952ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் சாந்தா மோனிகா நகரில், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஃபோர்டு அறக்கட்டளையின் பொருளுதவியுடன் எட்டு வாரக் கருத்தரங்கு ஒன்றை நடத்திற்று. கணித அறிஞரும் பொருளியலாரும் உளவியலாரும் ஒருங்கே அமர்ந்து, மனிதர் முடிவெடுக்கும் முறையைச் சோதனை வாயிலாக அறியும் வழியை ஆராய்ந்தனர். 1958இல் அதே நகரில் ஹெர்பர்ட் சைமன், ஆலன் நியூவெல் ஆகியோர், மனிதச் சிந்தனையின் போக்கைக் கணிப்பொறியில் அமைத்துக் காட்டும் முறையைச் சமூக அறிவியலார்க்குக் கோடைப் பயிற்சியாகக் கற்பித்தனர்.

சைமனைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். 1955இல் அவர் தம் கூட்டாளிகளுடன் ஒரு வண்ணப்பூச்சுத் தொழிற்சாலையின் உற்பத்திக்கும் ஆட்பலத்துக்கும் கணித விதி வகுத்து வெளியிட்டார். அதே ஆண்டில், மனிதர் எல்லா வழிகளையும் கணக்கிட்டு மிகச் சிறந்ததைத் தேர்வதில்லை, போதுமானது கிடைத்தவுடன் தேடலை நிறுத்துவர் என்னும் கட்டுரையையும் வெளியிட்டார். ஒரே மேசையிலிருந்து வந்தவை இவ்விரண்டும்! எனினும், உற்பத்தி நிர்வாகப் பாடநூல்கள் கணித விதியைப் போற்றி, மனிதரைப் பற்றிய உண்மையை நெடுங்காலம் வாயிலிலேயே நிறுத்தின. சைமனுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்த பின்னரும் இந்நிலை விரைவில் மாறவில்லை.

இதனால் இடர்ப்பட்டவர் ஆராய்ச்சி மாணவரே. நிர்வாகவியல் பயில்வோர்க்கு உளவியற் சோதனை கற்பிப்பார் இல்லை. உளவியல் பயில்வோர்க்குச் சரக்கிருப்புக் கணக்கு தெரியாது. தம் துறையில் வழிகாட்டும் ஆசிரியர் இல்லாத மாணவர் எத்துணைத் திறமை உடையவராயினும் என் செய்வார்?

அண்டைத் துறையான நடத்தைப் பொருளியலில் இக்குறைக்கு ஒரு வழி காணப்பட்டது. 1907இல் மார்கரெட் ஒலிவியா சேஜ் என்னும் அம்மையார் தம் கணவர் பெயரால் நிறுவிய ரசல் சேஜ் அறக்கட்டளையின் ஆதரவில், 1994இல் டேனியல் கானமன், ரிச்சர்ட் தேலர் முதலியோர் டாக்டர் பட்ட ஆய்வாளர்க்கும் இளம் ஆசிரியர்க்கும் இரு வாரக் கோடைப் பயிற்சியைத் தொடங்கினர். பின்னர் அது ஈராண்டுக்கொருமுறை நடைபெறலாயிற்று. பயணச் செலவும் உணவும் உறைவிடமும் அறக்கட்டளையின் பொறுப்பு. இதனை நம் இளைஞர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். உதவித்தொகை உண்டென்பதை அறியாமலேயே விண்ணப்பிக்காது விடுவோர் பலர்.

சோதனை நடத்தும் இம்முறை சரக்கு நிர்வாகத்திலும் இடம்பெற்றது. மாரிஸ் ஷ்வைட்சர், ஜெரார்ட் கஷோன் என்போர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. செய்தித்தாள் விற்பவரின் கணக்கே அதன் கரு: அதிகம் வாங்கினால் மிஞ்சும், குறைவாக வாங்கினால் வந்தவர் வெறுங்கையுடன் திரும்புவர். தேவை 1 முதல் 300 வரை எவ்வெண்ணாகவும் இருக்கலாம். விற்பனை விலை 12. கொள்விலை 3 எனில் 225 வாங்குவதே உகந்தது. கொள்விலை 9 எனில் 75 போதும். நிர்வாகவியல் மாணவரிடம் இதனைச் சோதித்தபோது, முன்னதில் குறைவாகவும் பின்னதில் அதிகமாகவும் வாங்கினர். இருமுறையும் அவர் மனம் நடு எண்ணாகிய 150ஐ நோக்கியே சாய்ந்தது. கணக்கு அறியாதார் அல்லர் அவர். ஆதலின் இதனை அறியாமை என்று தள்ளிவிட இயலாது.

2008இல் கேரி போல்டன், எலெனா கட்டோக் இருவரும் இதனை மேலும் ஆராய்ந்தனர். ஒவ்வொரு முறையும் அளவை மாற்றிக்கொள்ள விடாது, பத்து முறைக்கு ஒரே அளவு என்று கட்டுப்படுத்தியபோது, வாங்குவோரின் முடிவுகள் திருந்தின.